முகத்துக்கு ஒளி வைத்தியம்

நான் மருத்துவர் அல்லேன். விக்கிரமசிங்கபுரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்குப் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவள். முப்பட்டைக் கண்ணாடியின் வழியே வெயில் ஏழு நிறமாகப் பிரிந்து வகுப்பறைச் சுவரில் விழும்போது பிள்ளைகள் எல்லாரும் ஒருமிக்க வியந்து எழுப்பும் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. அதே ஒளி ஒருநாள் என் தங்கை மகளின் கன்னத்தைச் சுட்டுவிட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவளுக்கு ஆவணி மாதம் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. மேலுதட்டிலும் மோவாயிலும் அவளுக்குச் சிறிது ரோமம் உண்டு. நூலிட்டு எடுப்பாள், பத்து நாளில் திரும்ப வந்துவிடும். மஞ்சள் பூசினால் போய்விடும் என்பது எங்கள் பாட்டிமார் காலத்துச் சொல். பாபநாசம் படித்துறையில் மஞ்சள் தேய்த்துக் குளிக்காத பெண்ணே அக்காலத்தில் எங்கள் ஊரில் இல்லை. மஞ்சள் மணத்துக்கும் மங்கலத்துக்கும் ஏற்றது. வேரூன்றிய கறுத்த ரோமத்தை அது அகற்றியதை நான் கண்டதில்லை. ஆகவே அவள் நகரத்தில் ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றாள். ஆறு தடவைக்கு உரிய பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, மோவாய் மட்டும் ஏன், முழு முகத்துக்கும் செய்துவிடலாம் என்று சொல்லி, ஒரு கருவியை வைத்துப் பளிச்சென்று ஒளி பாய்ச்சி அனுப்பினார்கள். அது ஆனி மாதம். ஒன்றும் நேரவில்லை.

ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனார்கள். குடில் போட்டு ஐந்து நாள் தங்கி, ஆற்று மணலிலும் பாறையிலும் வெயிலென்று பாராமல் திரிந்து, முகம் நன்றாகக் கறுத்துத் திரும்பினாள். மறு வாரமே இரண்டாம் தடவை. வெயிலில் அலைந்தாயா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முதல் தடவை ஒன்றும் செய்யவில்லை என்பதையே காரணமாக்கி, ஒளியின் வலிவைச் சற்றுக் கூட்டியும் வைத்தார்கள். அன்று இரவு முழுவதும் எரிச்சல். காலையில் இரு கன்னங்களிலும் தீப்பெட்டியை ஒற்றி எடுத்தாற்போல நீள்சதுரக் கறுப்புகள். ஒன்றன்பக்கம் ஒன்று, கருவியின் முகம் எவ்வளவோ அவ்வளவு.

“பெரியம்மா, வெந்துபோச்சு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கலியாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

இதில் ஏமாற்று வேலை மட்டும் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கருவி உலகமெங்கும் உபயோகத்தில் உள்ளது. பலருக்கு நன்மையும் செய்கிறது. யாருடைய தோலில், எந்த நிலையில், எந்த ஒளி என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் நடந்த தவறு. அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

ஒளியால் தோலை நலப்படுத்துவது புதுமையன்று. கார்போக அரிசி என்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வித்தை வெண்புள்ளிக்குப் பூசி, வெயில் காட்டச் சொல்வது நம் நாட்டில் மிகப் பழைய வைத்தியம். அந்த வித்தில் சோரலன் என்னும் பொருள் இருப்பதும், அது தோலை ஒளிக்கு இணங்கச் செய்வதும் பிற்காலத்து இரசாயனம் கண்டறிந்தவை. மேல்நாட்டில் இத்துறையின் முதல்வர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன். முகத்தை அரித்துத் தின்னும் ஒருவகைத் தோல் காசநோயை அவர் செறிவாக்கிய ஒளியால் குணப்படுத்தினார். 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மறு வருஷமே காலமானார். ஒளி வைத்தியம் தொடக்கத்தில் அழகுக்கென்று எழுந்ததன்று. வெளியே தலைகாட்ட இயலாத முகங்களுக்கென்று எழுந்தது.

பின்னர் 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி ஒரு மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் கதிரை எழுப்பினார். சாதாரண விளக்கொளி பல நிறங்களின் கலவை. லேசரோ ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம். சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் சில ஆண்டுகளுக்குள் அதை மனிதத் தோலில் சோதித்தார். ஆனால் எதைச் சுடுவது, எதை விடுவது என்ற கணக்கு அப்போது தெளிவாகவில்லை. 1983-ஆம் ஆண்டு ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் அதைத் தெளிவாக்கினர்.

அவர்கள் சொன்னது இது. ஒவ்வொரு பொருளும் சில நிற ஒளியை விழுங்கும், மற்றவற்றைப் போகவிடும். இரத்தத்தின் செம்மை ஒரு நிறத்தை விரும்புகிறது. ரோமத்திலுள்ள கருநிறமி வேறொன்றை. பச்சை குத்திய மை மற்றொன்றை. ஆகவே நாம் அழிக்க விரும்பும் பொருள் மட்டும் விழுங்கக்கூடிய நிறத்தைத் தேர்ந்து, சூடு பக்கத்துக்குப் பரவுமுன் நிறுத்திவிட்டால் அப்பொருள் மட்டும் வேகும்; சுற்றியுள்ள சதை பிழைக்கும். தோசைக்கல்லை விரலால் சட்டென்று தொட்டு எடுப்பதற்கும் அதன்மேல் கையை வைத்திருப்பதற்கும் உள்ள பேதத்தை அடுக்களை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ரோமத்தின் வேருக்கு ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் போதும். பச்சை மைக்கு நொடியில் நூறு கோடியில் சில பங்கு.

இவ்வளவும் சரிதான். ஆனால் ரோமத்தில் உள்ள அதே கருநிறமி நம் தோலின் மேற்பரப்பிலும் இருக்கிறதே! வெள்ளைத் தோலில் அது சொற்பம். ஒளி தங்கு தடையின்றி ரோமத்தின் வேருக்குப் போய்ச் சேரும். நம்முடைய தோலில் அது நிறைய உண்டு. கார்த்திகை மாதத்தில் ஆறு பெருக்கெடுக்கும்போது படித்துறையின் கடைசிப் படி கண்ணுக்குத் தெரிவதில்லை. மாசி மாதத்திலோ அடியிலுள்ள கூழாங்கல்லையும் எண்ணலாம். வெயில் என்னவோ ஒன்றுதான். நம் நிறத்தைக் கலங்கல் என்று சொல்வதாக எவரும் வருந்தவேண்டாம்; அது உண்மையில் ஒரு குடை. மேல்தோலின் உயிரணுக்களில் கருநிறமி மையத்தின்மேல் குடைபோலக் கவிந்து, வெயிலின் தீமையிலிருந்து அதைக் காக்கிறது. நெல்லைச் சீமையின் வெயிலில் நடவு நட்ட நம் முன்னோர்களுக்கு அந்தக் குடை பெரும் பேறு. அந்தக் குடையையே ரோமம் என்று எண்ணிக் கருவி சுட்டால்தான் ஆபத்து. என் தங்கை மகள் ஆடி அமாவாசைக்குப் போய்க் குடையை இன்னும் அகல விரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தாமஸ் பிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தோலை, வெயிலில் அது எரிகிறதா, கறுக்கிறதா என்பதைக் கொண்டு வகைப்படுத்தினார். தொடக்கத்தில் அது வெள்ளை நிறத்தவருக்கென்றே ஏற்பட்டது. மாநிறமும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பிறகு சேர்க்கப்பட்டன. நம்மவரில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையில் அடங்குவோம். இந்தப் பின்னிணைப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பல கருவிகளின் அளவுகளும் முதலில் வெள்ளைத் தோலில் பழகி நிலைபெற்றவையே. நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். ஆகவே நாம்தான் கேட்டு அறியவேண்டும்.

கேட்கவேண்டியது அலைநீளம். நானோமீட்டர் என்ற அளவால் அதைச் சொல்வார்கள். மைமனின் மாணிக்க லேசர் 694, அலெக்சாண்ட்ரைட் என்பது 755, டயோடு என்பது 810-ஐ ஒட்டியது, என்.டி.யாக் என்பது 1064. எண் ஏற ஏற ஒளி ஆழமாகச் செல்லும்; மேல்தோலின் கருநிறமி அதை விழுங்குவதும் குறையும். ஆதலால் நம் நிறத்தவருக்கு ரோமம் எடுப்பதில் 1064 பெரிதும் பாதுகாப்பானது என்பது தோல் மருத்துவர்களின் பொதுவான அபிப்பிராயம். அது சற்று மெதுவாகவே பலன் தரும். மெல்லிய ரோமத்தில் அதன் வலிமையும் குறைவு. ஆனால் சுடுவதும் குறைவு. என் தங்கை மகளின் முகத்தில் வைத்தது லேசரே அன்று. ஐ.பி.எல். என்று சொல்கிறார்கள், அது புகைப்படக்காரரின் பளிச்சொளி விளக்கைப் போன்ற ஒன்று. ஏறக்குறைய 500 முதல் 1200 வரை எல்லா அலைநீளங்களும் கலந்த ஒளியை வடிகட்டிக்கொண்டு பாய்ச்சும். வெள்ளைத் தோலுக்கு ஏற்றது. திறமையானவர் கையில் மாநிறத்துக்கும் ஆகலாம். வெயிலில் கறுத்த நம் முகத்தில் மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது. விளம்பரத்தில் இரண்டையும் லேசர் என்றே எழுதிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஐ.பி.எல். கருவிகளும் இப்போது விற்கின்றன. அவற்றில் பலவற்றில் தோல் நிறத்தை அளக்கும் ஓர் உணர்வி உண்டு. நிறம் கறுப்பாக இருந்தால் கருவி வேலை செய்ய மறுத்துவிடும். பழுது என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரை நான் அறிவேன். அது பழுதன்று, அந்த இயந்திரத்துக்கு இருந்த விவேகம்.

இனி, ஒளியை நாடிச் செல்வோர் எதற்காகச் செல்கிறார்கள் என்று பார்த்தால், நம் பெண்களில் பலர் மங்குக்காகவே செல்கிறார்கள். கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் பழுப்பு நிறம். பிள்ளைப்பேற்றின்போது வரும், சில மாத்திரைகளால் வரும், குடும்ப வழியாகவும் வரும், எப்படி வந்தாலும் வெயில் அதை வளர்க்கும். இதில் ஒளியை நம்பிப் போவதைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. ஒளியால் தூண்டப்பட்டு வந்த ஒன்றை ஒளியால் துடைக்க முயல்கிறோம். சில வாரம் தெளிந்தாற்போல் இருக்கும், பிறகு திரும்பும், சிலருக்கு முன்னிலும் அடர்ந்து திரும்பும். குறைந்த வலிவில் மீண்டும் மீண்டும் லேசர் பாய்ச்சிக்கொண்டவர்களில் சிலருக்குக் கன்னத்தில் அரிசி சிந்தினாற்போல வெள்ளைப் பொட்டுகள் விழுந்ததும் உண்டு. மங்குக்கு முதல் வைத்தியம் வெயிலை மறைப்பதும் மருத்துவர் தரும் பூச்சு மருந்துமே. லேசர் கடைசியில் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத்தவரின் மங்கைக் கறுக்கச் செய்வதால், இரும்பு ஆக்சைடு கலந்த, சற்று நிறமுள்ள வெயில் காப்புக் களிம்பே நமக்கு உகந்தது என்கிறார்கள். வயலில் வேலை செய்யும் பெண் முந்தானையை முன்னிழுத்துக்கொள்வதும் இந்த வகையில் நல்ல வைத்தியந்தான்.

இதனோடு சேர்த்து ஒன்று. சிவப்பழகு தரும் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து இருக்கிறது. மாதக் கணக்கில் பூசிய முகம் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கண்டு, வெயில் பட்டால் எரியத் தொடங்கும். அந்த முகத்தோடு போய் ஒளி வைத்துக்கொள்வது புண்ணில் உப்பைத் தேய்ப்பதற்கு ஒப்பு. எதைப் பூசினோம் என்று மருத்துவரிடம் மறைக்கலாகாது.

பருக்குழிகளுக்கு வேறு வகை லேசர்கள் உண்டு. அவை தோலின் நீரை விழுங்கவைத்து நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, புதுத் தோல் வளரச் செய்வன. பலன் உண்டு, பின்னர்க் கறுப்புத் தட்டும் அபாயமும் நமக்கு உண்டு. நுண்ணூசிகளால் குத்திச் செய்யும் சிகிச்சையில் ஒளியே இல்லாததால் அந்தப் பயம் குறைவு. பருவுக்கென்று நீலமும் சிவப்புமான சிறு விளக்குகள் பதித்த முகமூடிகள் விற்கின்றன, அவை சுடா, ஓரளவு உதவலாம், ஆனால் மங்கு உள்ளவர்கள் நீல ஒளியைத் தவிர்ப்பது நலம். மச்சத்தை மருத்துவர் பார்க்குமுன் லேசரால் எடுக்கக்கூடாது. அது மச்சந்தானா என்பது முதலில் தெரியவேண்டும்.

ஒளியை நான் குறையே சொல்லிக்கொண்டிருப்பதாக எண்ணவேண்டாம். கண்ணைச் சுற்றிக் கன்னத்தில் நீலக்கறுப்பாய்ப் படரும் படலம் ஒன்று ஆசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது; அதை விவரித்த ஓட்டா என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் வழங்குவது. அதற்குப் பூச்சு மருந்து ஒன்றும் பயன்படாது. நொடியின் மிகச் சிறு பங்கில் பாயும் 1064 லேசர், பல தடவைகளில் அதை வியக்கத்தக்க அளவு மாற்றிவிடுகிறது. பிறவியிலேயே முகத்தில் திராட்சைச் சாறு கொட்டினாற்போலச் சிவந்திருக்கும் குழந்தைகளுக்கு 595 அலைநீளமுள்ள லேசர் இருக்கிறது. இத்தகைய முகங்களோடு பிறந்தவர்களை நம் ஊர்களில் என்னென்ன பெயரிட்டு அழைத்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுக்கு இந்த ஒளி அலங்காரமன்று.

என் தங்கை மகளின் கதைக்கு வருகிறேன். மறுநாளே பேருந்தேறிப் பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மையார் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஏறக்குறைய அரை மணி நேரம் கேள்விகளே கேட்டார். மாதவிலக்கு ஒழுங்கா? தழும்புகள் தடித்து வளரும் உடல்வாகா? உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா? பருவுக்கு மாத்திரை உண்டதுண்டா? என்ன களிம்பு? கடைசியாக வெயிலில் அலைந்தது எப்போது? சொரிமுத்தையனார் கோயில் என்றதும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

சுட்ட இடத்தைக் குளிர்ந்த நீரால் நனைத்த துணி கொண்டு ஆற்றியதும், தங்கையின் மாமியார் கொண்டுவந்த மஞ்சளையும் பற்பசையையும் பூசவிடாமல் நான் தடுத்ததும் நல்லதாயிற்று என்றார். பனிக்கட்டியை நேரே வைத்தாலும் தோல் கெடும். மருந்து கொடுத்தார். கலியாணத்துக்குள் மாறுமா என்று தங்கை கேட்டாள். மாறாது, மாதங்கள் ஆகும், அவசரப்பட்டு மேலே வேறு எதையும் செய்தால் வருஷங்கள் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த உண்மையைச் சொன்ன குரலை நான் மறக்கமாட்டேன்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அவள் தலை தாழ்ந்தே இருக்கும். நாணம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கறுப்பு மறைய எட்டு மாதம் சென்றது.

ரோமம் மாத்திரம் அப்படியே இருந்தது. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு தெரியவந்தது. காரணம் உள்ளே இருக்க, ரோமத்தை மட்டும் வெளியே சுட்டால் புதிது புதிதாக முளைக்குமே! முதலில் அதற்கு மருந்தும் நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும். பிறகு மோவாயிலுள்ள கறுத்த, தடித்த ரோமத்துக்கு மட்டும் 1064 லேசர் என்று மருத்துவர் முடிவு செய்தார். கன்னத்துப் பூனைமுடியைத் தொடவே மாட்டேன் என்றார். நம் நாட்டுப் பெண்கள் முகத்தில் மெல்லிய ரோமத்தின்மேல் பாய்ச்சிய ஒளி சிலருக்கு அதைத் தடித்து வளரச் செய்துவிடுகிறதாம். முழு முகம் என்று ஆசை காட்டியவர்கள் இதைச் சொல்லவில்லை. நரைத்த ரோமத்தில் நிறமி இல்லாததால் லேசர் பலிக்காது. என் மோவாய்க்கு வழியில்லை என்று நானும் அன்று தெரிந்துகொண்டேன்.

நூலிட்டோ மெழுகிட்டோ வேரோடு பறிக்காமல் சில வாரம் விட்டுவைக்கவேண்டும். வேர் இருந்தால்தானே ஒளிக்கு இலக்கு இருக்கும்? மழிக்கலாம். மழித்தால் தடித்து வளரும் என்பது வெறும் பயம். கண்ணுக்கு மூடி போடாமல் முகத்தில் லேசர் வைக்க எவரையும் அனுமதிக்கவேண்டாம். பச்சை குத்திய புருவத்தின்மேல் ரோம லேசரைக் கொண்டுபோகக் கூடாது. மை கொதித்துப் புண்ணாகும். அறையில் மருத்துவர் இருக்கிறாரா, கருவியைப் பிடிப்பவர் யார், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. எல்லாத் தடவைக்கும் பணத்தை ஒருங்கே கட்டிவிட்டால், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்த நமக்கே மனம் வராது.

சென்ற ஆனி மாதம் காதுக்கு முன்னால், கூந்தல் மறைக்கும் இடத்தில், மிளகளவு ஓரிடத்தில் மட்டும் சோதனையாக லேசர் வைத்து அனுப்பினார்கள். நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று கட்டளை. வாரந்தோறும் அவள் என் வீட்டுக்கு வந்து வாசல் வெளிச்சத்தில் நின்று கூந்தலை ஒதுக்கிக் காட்டுவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். முதல் நாள் இலேசாகச் சிவந்திருந்தது. பிறகு ஒன்றுமில்லை. நான்காம் வாரம் இருவரும் பாளையங்கோட்டைக்குப் போனோம். மருத்துவர் உருப்பெருக்கியால் பார்த்துத் திருப்தி அடைந்தார்.

“அப்போ இன்னைக்கே வைச்சுடலாமா, டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

அந்த அம்மையார் நாட்காட்டியைத் திருப்பினார். “ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போவீங்கள்ல? போயிட்டு வாங்க. வெயில் கறுப்பு அடங்கட்டும். ஐப்பசியில மழை பிடிச்சப்புறம் வாங்க” என்றார்.